ஆறாவது சுற்றுக்கு ஒரு கிழவன்

சனிக்கிழமை காலை டோனட் பெட்டி வந்து சேர்வதற்கு முன்பே டென்னி கோவாச் இரண்டு பேரிடம் சண்டை போட்டு முடித்திருந்தார். மூன்றாவது சண்டைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அணியின் மேலாளர் ஹால்வர்சன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே, "முடிஞ்சுது. ஓகில்ஸ்பி இனிமே நம்ம ஆளு" என்றார்.

அறையில் இருந்த ஏழெட்டுப் பேர் கைதட்டினார்கள். டென்னி தட்டவில்லை.

"என்ன குடுத்தீங்க?"

"ஆறாவது சுத்துல நம்ம முறை. ஏழாவது சுத்துல நம்ம முறை."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான்."

"ஒரு கிழவனுக்கா?" டென்னியின் குரல் சுவரில் மோதித் திரும்பியது. "முட்டி ரெண்டும் தேஞ்சு போன கிழவனுக்கா ரெண்டு பசங்களைத் தூக்கிக் குடுத்தீங்க?"

"முப்பத்திரண்டு வயசு, டென்னி. உங்களுக்கு மகன் மாதிரி." ஹால்வர்சன் சிரித்துவிட்டுப் போனில் மீதிப் பேச்சைப் பேச வெளியே போய்விட்டார்.

அமெரிக்க ஃபுட்பால் ஆடும் டொலிடோ அணிக்கு ஆள் பார்ப்பதுதான் டென்னியின் வேலை. இருபத்தாறு வருடமாக அதே வேலை. இலையுதிர் காலம் முழுக்கக் காரை ஓட்டிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போவார். மட்டமான விடுதிகளில் தூங்குவார், பெட்ரோல் பங்கில் சாப்பிடுவார், யாருக்கும் தெரியாத மைதானத்து மூலையில் நின்று யாருக்கும் தெரியாத பையன்களைப் பார்ப்பார். பெண் பார்க்கப் போகிறவர்கள் நடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள், இவர் ஓடச் சொல்லிப் பார்ப்பார். பார்த்த பையன்களை ஏப்ரல் கடைசியில் அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராகப் பேர் சொல்லி எடுக்கும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். மூன்று நாள், ஏழு சுற்று. முதல் சுற்றில் எடுக்கப்படுகிறவன் புது கோட்டு போட்டு மேடை ஏறுவான், நாடே பார்க்கும். ஆறாவது ஏழாவது சுற்று சனிக்கிழமை மத்தியானம் நடக்கும். அதைப் பார்ப்பது அந்தந்தப் பையனின் அம்மாவும் டென்னி மாதிரி ஆட்களும்தான்.

அந்தச் சனிக்கிழமைக்காகத்தான் டென்னி இரண்டு வருடம் ஒரு பையனைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். ஈலை ஹெய்க்கினென் என்று பெயர். பந்தை வீசுகிறவனுக்கு முன்னால் சுவராக நிற்கிற ஐந்து பேரில் ஒருவன். மிச்சிகனின் வடகோடியில், ஏரிக்கரையில், வருடத்தில் பாதி நாள் பனியில் புதைந்து கிடக்கும் ஹாட்டன் ஊர்க்காரன். அவன் எதிரே வந்த எவனும் இரண்டு வருடமாகப் பந்துக்காரனைத் தொட்டதில்லை. அப்படியிருந்தும் எந்த அணியும் அவன் பெயரைப் பெரிதாகப் பேசவில்லை. காரணம் ஒன்றே ஒன்றுதான். பையனுக்குக் கை குட்டை.

கை குட்டை என்றால் இந்தத் தொழிலில் சாதாரணக் குறை இல்லை. டேப்பை வைத்து அளக்கிறார்கள், ஓர் அங்குலம் குறைந்தாலும் முகம் சுளிக்கிறார்கள். ஜாதகத்தில் செவ்வாய் இருப்பதுபோல. டென்னிக்கு அந்த டேப்பைக் கண்டாலே எரிச்சல் வரும். "கையாலயாய்யா தடுக்கறான்? காலால தடுக்கறான், காலால!" என்று அவர் கத்தாத கூட்டம் இல்லை. கத்திக் கத்திக் கடைசியில் ஹால்வர்சனிடம் ஒரு வார்த்தை வாங்கியிருந்தார். ஆறாவது சுற்று வரைக்கும் அந்தப் பையன் மிஞ்சியிருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று.

இப்போது பையன் மிஞ்சியிருந்தான். ஆறாவது சுற்றுதான் இல்லை.

ஹால்வர்சன் போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்ததும் டென்னி எழுந்து நின்றார்.

"வார்த்தை குடுத்தீங்களே பாஸ்."

"குடுத்தேன். அப்போ லெஃப்ட் சைடுல நமக்கு ஆள் இருந்தான். புதன்கிழமை அவன் தோளைப் பேத்துக்கிட்டான். செப்டம்பர்ல ஆட்டம். பந்து வீசறவன் எலும்பு முறிஞ்சு படுத்தா நீங்களா போய் வீசுவீங்க?"

"ஈலை நிப்பான்."

"ஈலை அடுத்த வருஷம் நிப்பான். ஒருவேளை. இந்த வருஷம் எனக்கு நின்னு காட்டினவன் வேணும்." ஹால்வர்சன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபப்படாமல் பேசுகிற மனிதர் அவர். டென்னிக்கு அதுதான் அவரிடம் பிடிக்காத குணம். "நான் வந்ததிலேர்ந்து ஆறாவது ஏழாவது சுத்துல எத்தனை பேரை எடுத்திருக்கோம்? அதுல இன்னிக்கு நம்மகிட்ட யாரு இருக்கா? ஒருத்தன் பேரைச் சொல்லுங்க."

டென்னி யோசித்தார். "பென்னட்."

"பென்னட் ஃபோர்ட் வெய்ன்ல இன்சூரன்ஸ் விக்கறான். போன மாசம் எனக்கே ஒண்ணு வித்துட்டான்."

அறையே சிரித்தது. டென்னிக்கும் சிரிப்பு வந்தது, வாயைக் கடித்து அடக்கிக்கொண்டார்.

"அந்தச் சுத்தெல்லாம் லாட்டரி, டென்னி. ஓகில்ஸ்பி எட்டு வருஷம் நின்னவன். லாட்டரிச் சீட்டைக் குடுத்து ரொட்டி வாங்கினேன், அவ்ளோதான். உங்க பையனை யாரும் எடுக்கலைன்னா டிராஃப்ட் முடிஞ்சதும் கூப்பிடுங்க, கையெழுத்து வாங்கிக்கலாம். யாரு தடுத்தா?"

அதுதான் விஷயம். ஏழு சுற்றிலும் பெயர் வராத பையன் யாருக்கும் சொந்தமில்லை. கடைசிப் பெயர் படித்து முடித்த அந்த நொடியில் எல்லா அணிகளும் ஒரே நேரத்தில் போனைத் தூக்கும். மிச்சமிருக்கும் பையன்களைக் கூப்பிட்டு வா வா என்று கெஞ்சும். பையன் யாரோடு வேண்டுமானாலும் போகலாம். ஆக டென்னிக்கு அந்தப் பையன் கிடைக்க இனி ஒரே வழிதான் இருந்தது. சாயங்காலம் வரை எவனும் அவன் பெயரைச் சொல்லக் கூடாது.

டென்னி உட்கார்ந்தார். சர்க்கரை தூவிய டோனட் ஒன்றை எடுத்துக் கடித்தார். பாதியிலேயே வைத்துவிட்டார்.

ஹாட்டனுக்கு அவர் முதல்முறை போனது ஒரு நவம்பரில். மைதானத்தில் கோடுகள் தெரியவில்லை, கோல் கம்பங்கள் மட்டும் தெரிந்தன. மற்ற அணிகளின் ஆட்கள் யாராவது இருந்தால் பார்த்துவிடப் போகிறார்களே என்று டொலிடோ தொப்பியைக் கழற்றிச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, மனைவி பின்னிய ஊதா நிறக் குல்லாயைப் போட்டுக்கொண்டு வேலியோரம் நின்றார். வேறு அணியின் ஆள் ஒருவனும் இல்லை. பேஸ்டி விற்கிற அம்மாள் ஒருத்தி மட்டும் இருந்தாள். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட பண்டம். அந்த ஊரில் அதைத் தின்னாதவன் ஊர்க்காரன் இல்லை.

"யாரைப் பாக்க வந்தீங்க?" என்றாள் அவள்.

"சும்மா. ஆட்டம் பாக்க."

"ஒஹாயோ நம்பர் பிளேட்டைப் போட்டுக்கிட்டு இந்தப் பனியில சும்மா யாரும் ஆட்டம் பாக்க வர மாட்டாங்க." ஒரு பேஸ்டியை எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள். "மேல என்ன ஊத்தட்டும்? கெட்சப்பா, கிரேவியா?"

"கிரேவி."

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ நிச்சயமா வெளியூர்தான்" என்றாள். ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, அவள் ஈலையின் அம்மா ஆய்லி என்று. அதற்குப் பிறகு டென்னி நாலைந்து தடவை அந்த ஊருக்குப் போய்விட்டார். கடைசியாகப் போனது மார்ச்சில். அப்போது மட்டும்தான் தொழில் விதியை மீறித் தன் விசிட்டிங் கார்டைக் கொடுத்தார். "கிரேவிக்காரருக்குப் பேரும் இருக்கு போல" என்று ஆய்லி அதை வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

அந்த ஃப்ரிட்ஜும் அந்தச் சமையலறையும் இப்போது டென்னியின் கண்முன் நின்றன. அங்கே என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். உறவுக்காரர்கள் எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஆய்லி அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடையாய் நடப்பாள். பையன் போனை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒவ்வொரு முறை வரும்போதும் இந்த முறையாவது, இந்த முறையாவது என்று அந்த வீடே வேண்டிக்கொள்ளும். இங்கே டொலிடோவில் ஒரு மனிதன் அதே நேரத்தில், வர வேண்டாம், வர வேண்டாம் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

சே, என்ன பிழைப்பு இது என்று டென்னிக்குத் தோன்றியது. அந்தப் பையனை உலகத்திலேயே அதிகம் நம்புகிறவர் அவர்தான். அவரே அவன் பெயர் வரக் கூடாது என்று கும்பிட வேண்டியிருக்கிறது. தன்னைப் பார்த்தே அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஆறாவது சுற்று தொடங்கியது. டொலிடோவுக்கு அங்கே முறை இல்லாததால் அறையில் பாதிப் பேர் சாப்பிடப் போய்விட்டார்கள். டென்னி நகரவில்லை. ஒவ்வொரு பெயரும் திரையில் விழும்போது மூச்சைப் பிடித்தார், வேறு பெயர் என்று தெரிந்ததும் விட்டார். சுற்றின் நடுவில் போர்ட்லண்ட் அணியின் முறை வந்தது. படிக்கிறவன் "மிச்சிகனிலிருந்து, முன்வரிசை ஆட்டக்காரர்" என்றதும் டென்னியின் கையிலிருந்த காப்பி மடியில் கொட்டியது. பெயர் வேறு. பெரிய கல்லூரிப் பையன், நீளக் கைக்காரன். காப்பி சுட்டதைக் கூட டென்னி ஒரு நிமிடம் கழித்துத்தான் உணர்ந்தார்.

"என்னய்யா இது, சின்னப் பிள்ளை மாதிரி" என்றபடி வந்து உட்கார்ந்தார் பட்ச் லமோனிக்கா. முன்வரிசை ஆட்டக்காரர்களின் பயிற்சியாளர். டென்னியின் நெடுநாள் சிநேகிதர், பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த வாய். "இன்னும் இருக்கானா உன் குட்டக்கையன்?"

"இருக்கான். வாயை மூடு, கண்ணு படும்."

ஏழாவது சுற்று வந்ததும் அறைக்கு மறுபடி உயிர் வந்தது. எல்லாரும் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து போனை எடுத்தார்கள். விதி எப்படியிருந்தாலும் வழக்கம் இதுதான். பெயர் வராமல் போகப்போகிறது என்று தோன்றும் பையன்களை ஏழாவது சுற்று நடக்கும்போதே கூப்பிட்டு, "யாரும் எடுக்கலைன்னா எங்ககிட்ட வந்துடு" என்று காதில் போட்டுவைப்பார்கள். முந்திக்கொள்கிறவன் ஜெயித்தான். ஒரு மூலையில் ஒருவர் டெக்சாஸ் பையனிடம் குழைந்துகொண்டிருந்தார். இன்னொருவர் ஓட்டக்காரன் ஒருவனின் தாத்தாவிடம் மாட்டிக்கொண்டு விழித்தார்.

"கூப்பிடு" என்றார் பட்ச்.

டென்னி போனைக் கையில் எடுத்தார். எண்ணையும் எடுத்தார். அழுத்தவில்லை.

"கூப்பிடுய்யா. மத்தவன் எல்லாம் இந்நேரம் கூப்பிட்டிருப்பான்."

"எடுக்கறவன்தான், பட்ச், முதல்ல போன் பண்ணுவான். டிவியில பேரு வர்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி. எல்லாப் பையனுக்கும் அது தெரியும். இப்ப நான் கூப்பிட்டா அவன் போன்ல டொலிடோன்னு வரும். எடுத்துட்டாங்கன்னு நெனச்சு எழுந்து நிப்பான். அவங்கம்மா அழுவா. அப்பறம் நான், இல்லப்பா, யாருமே உன்னை எடுக்கலைன்னா வான்னு சொல்லணும். என்னால முடியாது."

"நீ உருப்பட மாட்டே" என்றார் பட்ச். கோபமாகத்தான் சொன்னார்.

டென்னிக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் விரல் போகவில்லை. காலையிலிருந்து அந்தப் பையனுக்குக் கெட்டது நினைத்துக்கொண்டிருக்கிறோம், இதையாவது செய்யாமல் இருப்போம் என்று தோன்றியது. புத்திசாலித்தனமான எண்ணம் என்று சொல்ல மாட்டேன். தொழில் தெரிந்தவன் செய்கிற காரியமும் இல்லை. அந்த நேரத்தில் அவர் மனசுக்கு அப்படித்தான் பட்டது.

கடைசிப் பெயர் ஐந்து மணி வாக்கில் வந்தது. பந்தை உதைக்கிற யாரோ ஒருவன். டென்னி அந்தப் பெயரை முழுதாகக் கூடக் கேட்கவில்லை. ஈலையின் பெயர் வரவில்லை என்பது மட்டும் உறைத்தது. அழுத்தினார்.

வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்றது போன்.

மறுபடி அழுத்தினார். அதே பதில். மறுபடி. அதே.

"யாருகிட்டயோ பேசறான்" என்றார் டென்னி. குரல் அவருக்கே கேட்கவில்லை.

"பேசாம என்ன பண்ணுவான்? ஊரே கூப்பிட்டிருக்கு. நீதான் தர்மராஜா மாதிரி உக்காந்திருந்தே." பட்ச் மேசையில் குத்தினார். "ரெண்டு வருஷம்யா! ரெண்டு வருஷம் என் உயிரை எடுத்தே, கால் கால்னு. நான் அந்த வீடியோவை என் பொண்டாட்டிக்குக் கூடப் போட்டுக் காட்டினேன். இப்ப விட்டுட்டியே!"

டென்னி மறுபடி அழுத்தினார். சுற்றிலும் ஒவ்வொருவராக, "சைன் பண்றான்!" என்று கூவினார்கள், கைகுலுக்கினார்கள். டெக்சாஸ் பையன் வந்துவிட்டான். தாத்தாவும் மசிந்துவிட்டார். டென்னியின் போன் மட்டும் அதே பெண் குரலில் அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. இனி என்ன, ஒமாஹாவோ போர்ட்லண்டோ, எங்கேயோ நிற்கப்போகிறான், நாம் டிவியில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அவர் நினைத்தார். அழுகை வந்துவிடும்போல் இருந்தது. காப்பிக் கறை படிந்த கால்சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது அவர் கையிலேயே போன் அடித்தது. தெரியாத எண்.

"கிரேவிக்காரரா?"

டென்னி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"நான் ஆய்லி பேசறேன். பேஸ்டி கடை போன்லேர்ந்து பேசறேன், அவன் போனை ஒமாஹாக்காரன் விட மாட்டேங்கறான். ஒரே ஒரு கேள்வி. என் பையன் உங்களுக்கு வேணுமா, வேணாமா?"

"வேணும்" என்றார் டென்னி. அறையே திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சொன்னார். "வேணும்மா! வேணும்!"

"அப்பறம் ஏன் கூப்பிடல? அஞ்சு டீம் கூப்பிட்டுட்டாங்க. ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் எடுத்துட்டாங்கன்னு நெனச்சு எங்கக்கா கத்தினா. அஞ்சு தடவை கத்திட்டா, இப்ப தொண்டை கட்டிப் போச்சு. நீங்க ஒருத்தர்தான் கூப்பிடல. அதனால அவன் ஏஜென்ட் ஒமாஹாவுக்குத் தலையாட்டிடுன்னு சொல்றாரு. நான்தான், இருடா, அந்த மனுஷன் பனியில நின்னுக்கிட்டு சாப்பிட்டாரு, ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்னு வெளிய வந்தேன்."

"அந்தக் கத்தலுக்குப் பயந்துதான்மா கூப்பிடல" என்றார் டென்னி.

ஆய்லி போனை மூடாமலேயே உள்ளே பார்த்துக் கத்தினாள். "டேய் ஈலை! அந்த ஒமாஹாக்காரனை வெச்சுட்டு வா! டொலிடோ!"

தடதடவென்று காலடிச் சத்தம். "மிஸ்டர் கோவாச்?" மூச்சு வாங்கியது பையனுக்கு. "வேணாம்னு நெனச்சுட்டேன் சார்."

"யாரு, உன்னையா? தம்பி, காலையிலேர்ந்து உனக்காக நான் மூணு பேர்கிட்ட சண்டை போட்டிருக்கேன். வர்றியா?"

"வரேன் சார்."

"ஒமாஹா?"

"ஒமாஹாவுல ரெண்டு பேரை எடுத்துட்டாங்க சார், என் இடத்துக்கே. நடுச் சுத்துல. போர்ட்லண்ட்லயும் ஒருத்தன். ஏஜென்ட் எல்லா டீமையும் கணக்குப் போட்டுப் பாத்தாரு. டொலிடோவுலதான் யாருமே இல்ல. நீங்க ரெண்டு முறையையும் குடுத்துட்டு மிஸ்டர் ஓகில்ஸ்பியை வாங்கிட்டீங்க. அவருக்கு முப்பத்திரண்டு வயசு. அவருக்குப் பின்னாடி ஒருத்தனும் இல்ல. எனக்கு இடம் இருக்கறது அங்கதான்னு ஏஜென்ட் மத்தியானமே சொல்லிட்டாரு. நீங்கதான் கூப்பிடவே இல்ல."

டென்னி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். காலையில் யாரைக் கொண்டுவந்ததற்காகக் குதித்தாரோ அந்தக் கிழவன்தான் பையனுக்கு வாசலைத் திறந்துவிட்டிருக்கிறான். இளசுகளை எடுக்காமல் விட்டதால் இளசுக்கு இடம் இருந்தது. தன்னுடைய நல்ல மனசோ கிட்டத்தட்ட காரியத்தையே கெடுத்திருக்கிறது. வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது அவருக்கு, கூடவே கன்னத்தில் ஓர் அறை வாங்கியதுபோலவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து சிரிப்பாக வந்தது.

பட்ச் போனைப் பிடுங்கி, "தம்பி, நான் லமோனிக்கா, உன் காலுக்கு நான் அடிமை" என்று ஆரம்பித்துவிட்டார். அவரிடமிருந்து மீட்டு ஒப்பந்தம் எழுதுகிறவரிடம் கொடுப்பதற்குள் பெரும்பாடாகிவிட்டது.

கதவருகே ஹால்வர்சன் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"கெடச்சுதா?"

"கெடச்சுது." டென்னி தலையைச் சொறிந்தார். "பாஸ், அந்த லாட்டரிச் சீட்டு விஷயம்."

"சொல்லுங்க."

"ரொட்டியும் வந்துது, சீட்டும் வந்துது. நீங்க இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் பண்ணீங்களா?"

ஹால்வர்சன் யோசித்தார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் டென்னி அன்றே அவர் காலில் விழுந்திருப்பார். "இல்ல" என்றார் அவர். "தோள் பேந்துது, ஆள் வேணும், வாங்கினேன். ஆனா நீங்க எல்லார்கிட்டயும் நான் கணக்குப் போட்டேன்னே சொல்லுங்க."

அந்த மனிதரை முதல்முறையாக டென்னிக்குப் பிடித்துப்போனது.

லூயிவில்லிலிருந்து ஓகில்ஸ்பி தானே காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் இருந்தது. மருத்துவரைப் பார்க்க வேண்டும், அதற்காக நடைவழியில் நின்றான். கதவை அடைக்கிற உடம்பு. இடது காலைக் கொஞ்சம் பார்த்துத்தான் ஊன்றினான். டென்னி கை நீட்டினார்.

"டென்னி கோவாச். ஆள் பாக்கறவன்."

"தெரியும்" என்றான் ஓகில்ஸ்பி, கையை விடாமல். "முட்டி தேஞ்ச கிழவன்னு சொன்னது நீங்கதானே?"

டென்னிக்கு முகம் செத்துப்போனது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. காலையில உங்க பாஸ் போன்ல என்கிட்டதான் பேசிட்டிருந்தாரு. ஸ்பீக்கர் தேவையே இல்ல சார் உங்களுக்கு. என் பொண்டாட்டி பக்கத்து ரூம்ல இருந்தா, அவளுக்கே கேட்டுது. இந்த ஆள் மட்டும்தான் உண்மையைச் சொல்றான்னா."

"மன்னிச்சிருப்பா. இன்னிக்கு உன்னாலதான் எனக்கு ஒரு பையன் கெடச்சான்."

"நான் என்ன பண்ணேன்?"

"கிழவனா இருந்தே. அது போதும்."

ஓகில்ஸ்பி ஒரு நொடி முறைத்தான். பிறகு நடைவழி அதிரச் சிரித்தான். "இந்த வருஷம் என் இடத்தைத் தர மாட்டேன், அவன்கிட்ட சொல்லிடுங்க. அடுத்த வருஷம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு மருத்துவர் அறைக்குள் போனான்.

டென்னி கார் நிறுத்துமிடத்துக்கு வந்தார். காரில் ஏறி உட்கார்ந்தும் சாவியைத் திருப்பவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது, ஆனால் ஒன்று மட்டும் நெஞ்சில் முள்ளாக உறுத்திக்கொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது என்று தோன்றியது. ஈலையின் எண்ணை அழுத்தினார். இந்த முறை முதல் மணியிலேயே எடுத்தான்.

"தம்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நாளைக்கு வேற யாராவது சொல்லி நீ தெரிஞ்சுக்கக் கூடாது. இன்னிக்குப் பூரா உன் பேரு வரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். வேற யாரும் எடுத்துடக் கூடாதேன்னு. நீயும் உங்கம்மாவும் அங்க எப்படித் தவிக்கறீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் வேண்டிக்கிட்டேன்."

பின்னால் வீட்டில் யாரோ கிண்ணங்களைக் கழுவும் சத்தம் கேட்டது.

"எப்பலேர்ந்து சார்?" என்றான் கடைசியில்.

"காலையிலேர்ந்து."

"நான் மூணு மணிலேர்ந்து."

"என்னது?"

"ஏஜென்ட் டொலிடோவுல இடம் இருக்குன்னு சொன்ன பிறகு, என் பேரு வரக் கூடாதுன்னுதான் நானும் வேண்டிக்கிட்டேன் சார்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஏழாவது சுத்துல எவனாவது எடுத்துட்டா அவன்கிட்டதான் போகணும். ஒவ்வொரு முறை வரும்போதும் கண்ணை மூடிக்கிட்டேன். பக்கத்துல அம்மா வரணும் வரணும்னு வேண்டிக்கிட்டிருந்தா. பாவமா இருந்துது. அவகிட்ட சொல்லிடாதீங்க."

டென்னி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. அழுதார் என்றுதான் சொல்ல வேண்டும், சிரித்துக்கொண்டே அழுதார். கடைசிச் சுற்று ஓடிக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் இரண்டு ஊரில் உட்கார்ந்து ஒரே வேண்டுதலை வேண்டியிருக்கிறார்கள், குற்ற உணர்ச்சியில் வெந்துகொண்டு.

"அவகிட்ட என்னத்தைச் சொல்லக் கூடாதாம்?" என்று ஆய்லியின் குரல் போனுக்குள் புகுந்தது. பையனிடமிருந்து பிடுங்கியிருக்க வேண்டும். "சரி, அது கெடக்கட்டும். கேக்கு வாங்கி வெச்சிருக்கேன் கிரேவிக்காரரே. டீம் பேரு எழுத நடுவுல இடம் விட்டு வாங்கினேன். காலையிலேர்ந்து அந்த வெத்து இடத்தைப் பாத்துப் பாத்து வயிறு எரிஞ்சுது. இப்பதான் என் கையால டொலிடோன்னு எழுதினேன். கொஞ்சம் கோணல்தான்."

"நல்லா இருக்கும்மா" என்றார் டென்னி, பார்க்காமலேயே.

"பையனைக் கூட்டிக்கிட்டுப் போக வரும்போது உங்களுக்கு ஒரு துண்டு எடுத்து வெக்கறேன். ஆனா ஒண்ணு, அதுமேல கிரேவி ஊத்திக் கேக்கக் கூடாது."

"கெட்சப்பே ஊத்துங்கம்மா" என்றார் டென்னி. "எது ஊத்தினாலும் திங்கறேன்."